கொல்லைப்புறத்து வெந்நீர்

சென்ற மார்கழியில் என் மைத்துனர் மத்திகிரியில் தான் கட்டி முடித்திருந்த வீட்டின் கொல்லைப்புறத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். கால்நடைப் பண்ணையின் மரக்கூட்டம் தொலைவில் தெரியும் இடம். விடிந்து இரண்டு மணி நேரமாகியும் பனி விலகவில்லை. பதினைந்து ஆண்டுகள் கலிபோர்னியாவில் வாழ்ந்து திரும்பியவர் அவர். கையில் மூன்று விலைப்பட்டியல்களை வைத்திருந்தார். ஒன்றில் மரத்தாலான உருளைத் தொட்டி. இன்னொன்றில் அக்ரிலிக்கில் வார்க்கப்பட்டு, பக்கங்களிலிருந்து நீரைப் பீய்ச்சும் தொட்டி. மூன்றாவது, காற்றடைத்து நிறுத்தி வேண்டாதபோது மடித்து வைக்கத்தக்கது. மூன்றிலும் படங்களில் இருந்தவர்கள் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாவா, இதுல எதை எடுக்கலாம்? நீங்களே சொல்லுங்க” என்றார். எங்கள் வீடுகளில் பேச்சு தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். நடுவில் கன்னடம் வந்து போகும். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது இயல்பு.

அவர் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. வெதுவெதுப்பான நீரில் கால்களை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் என் கண் வேறொன்றில் நிலைத்துவிட்டது. மதிலோரத்தில், கட்டுமான மிச்சமான ஓடுகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே, பழைய வீட்டின் செப்பு அண்டா கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகம் கரியேறிக் கறுத்திருந்தது. கழுத்தருகே யாரோ ஒரு பெண்ணின் பிறந்தவீட்டு முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன.

கொல்லைப்புறத்துக்கு ஒரு வெந்நீர்க் கலத்தைத் தேர்ந்தெடுப்பது எங்கள் ஊரில் புதிய பிரச்சினை அல்ல என்று அப்போது தோன்றியது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். கிருஷ்ணகிரியிலிருந்து மேலேறி வருகிறவர் சூளகிரியைத் தாண்டியதும் காற்று மாறுவதை உணர்வார். கீழே பாராமகாலின் வெயிலில் குளிர்ந்த நீரே போதும். இங்கே ஐப்பசி முதல் மாசி வரை வெந்நீர் இல்லாமல் முதியவர்களும் குழந்தைகளும் குளிக்க முடியாது. ஆகவே வசதியுள்ள பழைய வீடுகளின் கொல்லையில் கிணறும், கிணற்றருகே கல்தொட்டியும், அதையடுத்து ஒரு குளியலறையும் இருந்தன. கன்னடத்தில் அதற்கு பச்சலு மனெ என்று பெயர். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய அடுப்பின்மேல் அண்டா பதிக்கப்பட்டிருக்கும். வாய் மட்டும் உள்ளே தெரியும். விறகு தள்ளும் துளை பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும், புகை உள்ளே வராமலிருக்க.

அந்தக் கலத்துக்கு இங்கே மூன்று மொழிகளில் பெயர் உண்டு. கன்னடத்தில் ஹண்டெ, தெலுங்கில் காகு, தமிழில் அண்டா. தவலை, கொப்பரை என்றும் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்பச் சொல்வார்கள். ஒரே தெருவில் மூன்று சொற்களும் புழங்கின. தீபாவளிக்கு முந்தைய நாள் மூன்று மொழிக்காரர்களும் அதை ஒரே போலப் புளி போட்டுத் துலக்கி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, கழுத்தில் பூச்சுற்றி, நீர் நிரப்பி வைத்தார்கள். கன்னடத்தில் அந்த நாளுக்கே நீரு தும்புவ ஹப்பா, நீர் நிரப்பும் பண்டிகை, என்று பெயர். மறுநாள் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கான வெந்நீர் அது. தீபாவளி என்றதும் நமக்குப் பட்டாசும் புத்தாடையும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பண்டிகையின் மையத்தில் ஒரு வெந்நீர்க் கலம் இருப்பதை மறந்துவிட்டோம்.

அண்டா வாங்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை. என் அவ்வா பாத்திரக்கடையில் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். ஓசை நீண்டு ஒலித்தால் வார்ப்பில் பிளவில்லை. மொட்டையாக நின்றால் எங்கோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். பிறகு விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்துக் கனம் பார்ப்பாள். கலத்தை எடைக்குத்தான் விற்றார்கள் என்பதால் கனமானது விலை கூடுதல். ஆனால் மெல்லியது பத்து ஆண்டு நெருப்பில் அடி ஓடிப்போகும். பித்தளையைவிடச் செம்பு சூட்டை விரைவாகக் கடத்தும், ஆகவே விறகு மிச்சம். வாய் அகலமாக இருந்தால் மொள்ள வசதி, ஆனால் சூடு போய்விடும். குறுகிய வாயென்றால் துலக்கக் கை நுழையாது. மைத்துனரின் பட்டியல்களில் இருந்த காப்பு உறை, மூடி, மின்சாரச் செலவு பற்றிய குறிப்புகளைப் படித்தபோது அவ்வாவின் கணக்குகள்தான் நினைவுக்கு வந்தன. வெந்நீர்க் கலம் வாங்குகிற எவரும், எந்தக் காலத்திலும், சூட்டை எப்படிக் காப்பது என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் ஓர் அடிப்படையான வேறுபாடு உண்டு. எங்கள் அண்டாவுக்குள் யாரும் இறங்கியதில்லை. அதிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டோம்.

*

தமிழில் குளித்தல் என்ற சொல்லுக்கு மூழ்குதல் என்ற பொருள் உண்டு. முத்துக்குளித்தல் என்னும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. முழுக்கு என்பதும் அப்படியே. நம் மொழி நீராடலை மூழ்குவதாகவே கற்பனை செய்திருக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் மூழ்கினோம். வெந்நீரை மட்டும் ஊற்றிக்கொண்டோம். எண்ணெய் முழுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு செம்பால் ஊற்றிக்கொள்கிற விந்தைக்குக் காரணம் எளியது. குளிர்ந்த நீர் இருக்கிறது. வெந்நீரோ உண்டாக்கப்பட வேண்டியது. விறகு வெட்டி, நீர் இறைத்து, ஒரு மணி நேரம் ஊதி எரித்து உண்டாக்கிய ஒன்றில் ஒருவர் மூழ்கி எழுந்தால் அடுத்தவருக்கு என்ன மிஞ்சும்? ஒருவர் உட்கார்ந்த நீர் இன்னொருவருக்கு ஆகாது என்ற தூய்மைக் கருத்தும் இதனுடன் சேர்ந்துகொண்டது. கோயிலில் தெய்வத்துக்கும் நாம் திருமஞ்சனத்தை ஊற்றித்தான் செய்கிறோம்.

அரசர்களுடைய நீராட்டும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், நீராட்டை அரசனுக்குரிய இன்பங்களுள் ஒன்றாக வைத்துத் தனியே பேசுகிறது. எண்ணெய் தேய்த்தல் அதில் முக்கியமான பகுதி. 1520ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து, உடல் முழுக்க எண்ணெய் பூசி, எடை தூக்கியும் வாள் சுழற்றியும் மல் பொருதும் எண்ணெய் வியர்வையாக வெளியேறும்வரை பயின்று, குதிரையேறிவிட்டுத் திரும்பிய பிறகு ஓர் அந்தணர் அவரை நீராட்டியதாக எழுதியிருக்கிறார். பேரரசனையும் இன்னொருவர் கைதான் நீராட்டியது. ஹம்பியில் இன்று அரசியர் குளியல் மண்டபம் என்று காட்டப்படும் கட்டடத்தின் நடுவிலுள்ள பெரிய சதுரத் தொட்டி, வானம் பார்த்துத் திறந்தது. கால்வாய் வழி நீர் வந்து சேர்ந்தது. அது மூழ்குவதற்கானது, ஆகவே குளிர்ந்த நீருக்கானது.

இதன் பின்னணியில் பாபரின் புகழ்பெற்ற குறை ஒன்றைப் படிக்க வேண்டும். 1526இல் பானிப்பட்டில் வென்று வட இந்தியாவைக் கைப்பற்றிய பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் இந்த நாட்டில் இல்லாதவற்றைப் பட்டியலிடுகிறார். நல்ல குதிரை இல்லை, நல்ல திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை. அந்தப் பட்டியலில் வெந்நீர்க் குளியலிடம் இல்லை என்பதும் உண்டு. சமர்கந்திலும் காபூலிலும் ஹமாம்களுக்குப் பழகியவர். ஆக்ராவில் தோட்டம் அமைத்தபோது முதல் வேலைகளில் ஒன்றாக அவர் ஒரு ஹமாமைக் கட்டினார். அவர் வழிவந்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். டெல்லிச் செங்கோட்டையின் பளிங்கு ஹமாம் இன்றும் இருக்கிறது.

பாபர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் தேடியது ஒரு கட்டடத்தை. குவிமாடமும் நீராவியும் பளிங்குத் தரையும் கொண்ட பொது இடத்தை. இங்கே வெந்நீர் வீட்டின் பின்புறத்தில், கரியடித்த மூலையில் இருந்தது. படையெடுத்து வருகிறவர் யாரும் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

*

மூழ்கிக் குளிக்கிற பண்பாடுகள் வெந்நீரின் செலவை எப்படிச் சமாளித்தன? உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் குளியல் மாளிகை கட்டும் முறையைச் சொல்கையில், உலையின் மேல் மூன்று வெண்கலக் கொப்பரைகளை வைக்கச் சொல்கிறார். ஒன்றில் வெந்நீர், அடுத்ததில் வெதுநீர், மூன்றாவதில் தண்ணீர். வெந்நீர் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு வெதுநீர் அதற்குள் இறங்கும். வெதுநீரின் இடத்தைத் தண்ணீர் நிரப்பும். அவ்வா எங்கள் அண்டாவில் இரண்டு செம்பு மொண்டால் இரண்டு செம்பு ஊற்றிவை என்பாள். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே விதி. கி.பி. 216இல் திறக்கப்பட்ட காரகல்லா குளியல் மாளிகை போன்ற பெருங்கட்டடங்களில் தரைக்கு அடியிலேயே நெருப்பின் வெம்மை ஓடியது. மேலே குடிமக்கள் நீரில் அமர்ந்து அரசியலும் தத்துவமும் பேசினார்கள். கீழே இருண்ட சுரங்க வழிகளில் அடிமைகள் விறகு தள்ளினார்கள்.

ஜப்பானியர் வேறொரு வழி கண்டார்கள். முதலில் வெளியே அமர்ந்து நீரை மொண்டு ஊற்றி அழுக்கு நீங்கக் குளிப்பார்கள். அதன் பிறகே தொட்டியில் இறங்குவார்கள். ஆகவே ஒரே நீரில் வீட்டிலுள்ள அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கலாம். அவர்களிடம் கோயெமோன் புரோ என்று ஒரு வகை உண்டு. அடுப்பின்மேல் பதித்த இரும்புக் கொப்பரை. கால் சுடாமலிருக்க மிதக்கும் மரப்பலகையை மிதித்து அழுத்தியபடி உள்ளே அமர்வார்கள். கொப்பரையில் வேகவைத்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இஷிகாவா கோயெமோன் என்ற கொள்ளையனின் பெயர் அதற்கு. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் ஹண்டெயேதான் என்று நினைத்தேன். அடுப்பும் அதேதான், கலமும் அதேதான். ஒருவர் உள்ளே இறங்கத் துணிந்ததுதான் வேறுபாடு.

ஐரோப்பாவின் நவீன வெந்நீர்க் குளியல் வரலாற்றில் இந்தியரின் கை ஒன்று இருக்கிறது. 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அயர்லாந்து வழியாக இங்கிலாந்து சென்று, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். மூலிகை நீராவியில் நோயாளி ஒரு கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் அமர்ந்திருப்பார். கூடாரத்தில் தைக்கப்பட்ட கைப்பைகளின் வழியாகத் தேய்ப்பவரின் கைகள் மட்டும் உள்ளே வந்து உடலைப் பிடித்துவிடும். நான்காம் ஜார்ஜ் மன்னரும் நான்காம் வில்லியமும் அவரிடம் சிகிச்சை பெற்றார்கள். உடலைப் பிடித்துவிடுதலைக் குறித்த நம் நாட்டுச் சொல்லொன்று ஷாம்பூ என்று ஆங்கிலமாகி, பின் நம்மிடமே புட்டியில் திரும்பி வந்தது. முகம் தெரியாமல், துணிக்குள்ளிருந்து நீளும் இரண்டு கைகள் என்ற அந்தச் சித்திரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதே காலத்தில் இங்கே கைகள் மறைந்திருக்க வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. 1792இல் பாராமகாலும், திப்பு சுல்தான் வீழ்ந்த 1799க்குப் பின் ஓசூர்ப் பகுதியும் கம்பெனியின் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தில் சேர்ந்தன. 1824இல் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்கான பண்ணை உருவாயிற்று. இன்றைய கால்நடைப் பண்ணையின் தொடக்கம் அது. குளிர்ந்த காற்றை விரும்பி அதிகாரிகள் இந்த மேட்டில் தங்கினார்கள். அந்தக் காலத்துப் பங்களாக்களில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு குளியலறை இருந்தது. அதற்கு வெளிப்புறமாகத் தனிக் கதவு. தண்ணீர் சுமப்பவர் அந்த வழியே வந்து தகரத் தொட்டியை நிரப்பிவிட்டு அந்த வழியே போய்விடுவார். துரை குளித்த நீர் சுவரடித் துளை வழியாக வெளியேறும். கிப்ளிங்கின் கீரிப்பிள்ளைக் கதையில் நாகம் வீட்டுக்குள் நுழைவது அந்தத் துளையின் வழியாகத்தான். பாம்பும் பணியாளும் ஒரே அறையின் வழியாக வந்துபோனார்கள் என்பதைப் பங்களாவின் வரைபடத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டை விட்டுவிட முடியாது. எங்கள் கொல்லைக்கும் தெருப்பக்கம் வராமல் சந்து வழியே ஒரு கதவு இருந்தது. அதிகாலை நான்கு மணிக்கு ஒரு பெண்மணி அந்த வழியே வந்து கிணற்றில் இறைத்து அண்டாவை நிரப்பி அடுப்பைப் பற்றவைப்பார். நாங்கள் எழும்போது வெந்நீர் தயாராக இருக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு தீபாவளியன்று, எல்லோரும் குளித்து முடித்த பின், நீங்க எப்ப குளிப்பீங்க என்று அவரிடம் கேட்டேன். வீட்டுக்குப் போய் என்றார். அவருடைய தெருவில் கிணறு இல்லை என்பதும், ஏரிக்கரையில்தான் அவர்கள் குளித்தார்கள் என்பதும் பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. அண்டாவின் அடியில் எப்போதும் அரைக்கால் பங்கு நீர் சூடாக மிஞ்சும். அதை எருமைக்கு வைக்கும் தவிட்டில் கலப்பார்கள். 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிப் பருகியதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது, அது எங்கோ தொலைவில் நடந்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

*

அந்தக் கைகள் விலகத் தொடங்கியது இயந்திரம் வந்த பிறகு. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரால் அதைக் கீசர் என்றழைத்தார். நம் ஊரில் இடையில் ஒரு கட்டம் உண்டு. நடுவில் குழாய் வைத்து அதற்குள் கரி எரியும் செப்பு பாய்லர். அடுப்புக் கட்ட வேண்டியதில்லை, தூக்கி எங்கும் வைக்கலாம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கியபோது, ஒற்றை அறைகளில் குடியேறிய இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியில் மின்கம்பியைத் தொங்கவிட்டு வெந்நீர் போட்டுக்கொண்டார்கள். முதல் முறையாக வெந்நீர் ஒருவர் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்வதாக ஆயிற்று. இது சிறிய மாற்றமல்ல. எண்ணெய்க் குளியலும் மார்கழிச் சூடும் சாதி வீடுகளின் கொல்லையைவிட்டு எல்லோருடைய வாளிக்கும் வந்து சேர்ந்தன.

மைத்துனரின் பட்டியலில் இருந்த தொட்டியின் கதை இன்னொரு கண்டத்தில் தொடங்குகிறது. வட இத்தாலியின் ஃபிரியூலியிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் விமானச் சுழலிகளும் சிறு விமானமும் செய்தார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்தார். குடும்பம் விமானத் தொழிலைக் கைவிட்டு விவசாய நீரேற்றும் பம்புகளுக்கு மாறியது. அவர்களுள் இளையவரான கான்டிடோவின் மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான மூட்டுவாதம். மருத்துவமனையின் நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுப்பதற்காகக் குளியல் தொட்டிக்குள் இறக்கும் பம்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூசி 1968இல் பம்பைத் தொட்டியின் சுவருக்குள்ளேயே பொருத்தி, உரோமானியக் குளியல் என்று பெயரிட்டு விற்றார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய மதுப் பீப்பாய்களைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி வெந்நீர் நிரப்பி அமர்ந்தார்கள். இரண்டும் கலந்து இன்றைய தொட்டியாயிற்று.

ஒரு குழந்தையின் மூட்டு வலியிலிருந்து பிறந்த பொருள் அது. அத்தையின் முழங்கால்களை நினைத்தால் அதை வெறும் படாடோபம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

*

ஆகவே கணக்குப் போட்டோம். பட்டியலில் இருந்த நடுத்தரத் தொட்டி 1200 லிட்டர் கொள்வது. நீர் மட்டுமே 1.2 டன். கலமும் அமர்பவர்களும் சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கும். அதற்குத் தரையில் கான்கிரீட் தளம் தனியாகப் போட வேண்டும். மார்கழியில் 22 டிகிரியில் இருக்கும் நீரை 39 டிகிரிக்கு ஏற்ற 20,400 கிலோ கலோரி தேவை. மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 24 யூனிட். அண்டா அடுப்பில் விறகின் சூட்டில் ஆறில் ஒரு பங்குதான் நீருக்குப் போகும் என்று வைத்தால், 30 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு. இருபது லிட்டர் வாளிகளாகச் சொன்னால் அறுபது பேர் குளிக்கும் வெந்நீர். ஒருமுறை நிரப்பிய நீரை வடிகட்டி மருந்திட்டு மூன்று நான்கு மாதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அதுவரை இரவும் பகலும் சூட்டைக் காக்க வேண்டும். நாள்தோறும் குளோரினைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் 1999 பிப்ரவரியில் நடந்தது சான்று. மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காகக் குமிழியிட்டபடி காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியில் லெஜியோனெல்லா நுண்ணுயிர் பெருகியிருந்தது. அதில் யாரும் இறங்கவில்லை. அந்தப் பக்கமாக நடந்து, காற்றில் கலந்த நுண்துளிகளைச் சுவாசித்தவர்களே நோயுற்றார்கள். 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு அந்த உயிரிக்கும் பிடித்தமானது. கொதிக்கும் அண்டாவில் அது பிழைக்காது.

இதற்கு மேல் நீரின் கேள்வி. நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூருவின் கிழக்கு விளிம்பைத் தொட்டு, அந்நகரின் கழிவுகளைச் சுமந்துகொண்டு ஓசூரின் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலங்களில் மதகுகளின் கீழே வெண்நுரை மலைபோல எழும் காட்சியைச் செய்திகளில் பலரும் பார்த்திருப்பார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் கறையும் எலும்புகளில் வளைவும் கொண்ட தலைமுறைகளைக் கண்ட பிறகே, ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டியபோது இரு மாநிலங்களுக்கும் இடையே கொந்தளிப்பு எழுந்தது. 2013இல்தான் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மத்திகிரி 2011இல் ஓசூரோடு இணைந்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மனைப்பிரிவுகள், புதிய ஆழ்துளைக் கிணறுகள். எல்லைக்கு அப்பால், 2024 மார்ச்சில், பெங்களூருவில் நீச்சல்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதிக்கும் அளவுக்குப் பஞ்சம் முற்றியது. இங்கிருந்து அந்நகரம் நாற்பது கிலோமீட்டர்தான்.

உரோமில் விறகு தள்ளியவர்கள் தரைக்கு அடியில் இருந்தார்கள். பங்களாவில் பின்கதவில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் சந்தில் இருந்தார்கள். இன்றைய தொட்டியைப் பார்க்கும்போது யாரும் இல்லை என்று தோன்றுகிறது. இருக்கிறார்கள், ஆழ்துளைக் கிணறு வற்றிய பக்கத்துத் தெருவில், குடத்தோடு வரிசையில்.

*

இவ்வளவையும் மைத்துனரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் கால்களுக்கு என்ன வழி என்று கேட்டார். வரலாறு படிக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் அது.

அத்தையையே கேட்டோம். விலைப்பட்டியலின் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இதுக்குள்ள நான் எப்படி ஏறி இறங்கறது?” என்றார். தொட்டியின் விளிம்பு மூன்றடி உயரம். அதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. சற்றுக் கழித்து, “முதுகுக்கு யார் ஊத்துவா?” என்றார்.

பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தில் பாணந்தி என்பார்கள், தெலுங்கில் பாலிந்த. அவளை மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, பொறுக்கும் சூட்டில் குடம் குடமாக வெந்நீரை இடுப்பிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அத்தைக்கு நான்கு பிள்ளைகள். நான்கு முறையும் அந்தச் செப்பு அண்டாவிலிருந்துதான் நீர் மொண்டிருக்கிறார்கள். தன் வாழ்நாளில் உடம்பு முற்றிலும் வலியின்றி இருந்த நேரங்கள் அவைதான் என்றார். ஊற்றியவர் யாரென்று கேட்டேன். அதிகாலையில் சந்து வழியே ஒருவர் வருவாரே, அவருடைய தாயார். பெயரைத் தயங்காமல் சொன்னார். எனக்குத் தெரிந்திராத பெயர்.

தொட்டி வாங்கவில்லை. மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தார்கள். கொல்லைக் குளியலறையில் முழங்கால் உயரத்துக்குக் கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் ஒரு திண்ணை, சுவரில் இரண்டு கைப்பிடிகள், காலை அமிழ்த்தி வைக்க ஆழமில்லாத ஒரு கல்தொட்டி. முப்பது லிட்டர் பிடிக்கும். முழங்காலுக்கு அது போதும் என்று மருத்துவரும் சொன்னார். அண்டாவைத் துலக்கி, குழாய் நீர் விழும்படி அருகில் வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஓர் உதவிப் பெண் வந்து எண்ணெய் தேய்த்து ஊற்றிவிடுகிறார். சம்பளம் உண்டு, முன்வாசல் வழியாகவே வருகிறார்.

தை மாதம் மறுபடி போயிருந்தேன். அத்தை குளித்துவிட்டு வெயிலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. செம்பு அண்டாவில் இடிபடும் ஓசை கேட்டது. உதவிப் பெண் குளிக்கிறாள் என்றார் அத்தை. நீர் சூடாக இருக்கும்போதே குளித்துவிட்டுப் போகச் சொன்னாராம்.